தப்பொலியும் தேயிலைப் பொதியும்

பொருளை விற்க விரும்புவோன் மக்களின் கலைகளிடமும் கேளிக்கைகளிடமும் பாடம் கேட்க வேண்டும் என்பது இன்றைய வணிக நூல்கள் ஓயாது உரைக்கும் உபதேசம். திரைப்படத்தைப் பார், கிரிக்கெட் ஆட்டத்தைப் பார், பாட்டைக் கேள். மக்கள் எங்கே கூடுகிறார்கள், எதற்குக் கண்ணீர் விடுகிறார்கள், எதைக் கேட்டுக் கைதட்டுகிறார்கள் என்பதை அறிந்துகொண்டு உன் சரக்கை அங்கே கொண்டுபோய் வை. அந்த உபதேசத்தின் சாரம் இதுவே. உயர்தர வகுப்பில் வணிகக் கல்வி பயிலும் நம் மலைநாட்டு மாணவர்களும் இதனைப் புத்தம் புதிய அறிவெனப் படித்து ஒப்புவிக்கிறார்கள்.

இது புதிய அறிவு அன்று. அந்த மாணவர்களின் பாட்டனாரும் பூட்டனாரும் கொழுந்து பறித்த இதே மலைகளின் வரலாற்றில் இப்பாடம் நூற்றைம்பது ஆண்டுகளாக நடைபெற்று வந்திருக்கிறது. தேயிலை வணிகம் கூத்தாடியிடமும், சர்க்கஸ்காரனிடமும், பாடகனிடமும், சினிமாக்காரனிடமும் மாறிமாறிப் பாடம் கேட்டது. கேட்டதைக் கொண்டு உலகையே வென்றது. ஆனால் அது பாடத்தின் முற்பாதியை மட்டுமே கற்றது. பிற்பாதியைக் கற்றவர்கள் வேறு சிலர். அந்த இரு பாதிகளின் கதையே இக்கட்டுரை.

தேயிலையை உலகுக்கு விற்பதற்கு முன்பே, இலங்கையைத் தமிழ்நாட்டு உழவனுக்கு விற்க வேண்டியிருந்தது. முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் தேவைப்பட்டபோது வெள்ளைத் துரைமார் தாமே திருச்சிராப்பள்ளிக்கும் புதுக்கோட்டைக்கும் சேலத்துக்கும் சென்று கூவி அழைக்கவில்லை. அவர்கள் கங்காணியை அனுப்பினார்கள். கங்காணி அந்த ஊர்க்காரன். அதே சாதிசனத்தின் உறவினன். அதே பேச்சைப் பேசுபவன். கோட்டும் தலைப்பாகையும் காதில் கடுக்கனுமாக அவன் ஊர்த் திண்ணையில் வந்து அமர்ந்தபோது அவனது கோலமே ஒரு விளம்பரமாயிற்று. தேயிலைச் செடியின் அடியில் தேங்காயும் மாசிக்கருவாடும் கிடைக்கும் என்று அவன் ஆசை காட்டியதாக நம் முதியோர் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கின்றனர். பஞ்சத்தாலும் கடனாலும் தீண்டாமைக் கொடுமையாலும் நொந்து கிடந்தவனுக்கு, ஊர்க் கதைசொல்லியின் குரலில் வந்த அந்தச் சொல் இனித்தது.

கங்காணி விற்ற சரக்கை வாங்கியவர் கண்ட காட்சி என்ன? தொடக்க காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே கால்நடையாக வந்தவர்களில் பலர் நீரின்றியும் நோயுற்றும் வழியிலேயே மடிந்தனர். வந்து சேர்ந்தோர் கங்காணியிடம் பட்ட கடனோடு வந்து சேர்ந்தனர். ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்லக் கடன் கணக்கு எழுதிய ‘துண்டு’ வேண்டும் என்ற கொடுமை 1921-ஆம் ஆண்டில்தான் ஒழிந்தது. விற்கும் கலையின் முதல் பாடம் நம் மண்ணில் இவ்வாறு தொடங்கிற்று: உன்னவனைப் போன்ற குரலில் பேசு, அவன் கனவைத் தெரிந்துகொள், கடனை மட்டும் சொல்லாதே.

தோட்டத்தை அடைந்த பின்னும் மக்களின் கலையை முதலாளி விட்டுவைக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து நம் மூதாதையர் கொண்டுவந்த செல்வங்களுள் ஒன்று தப்பு. மாரியம்மன் திருவிழாவிலும் காமன் கூத்திலும் சாவு வீட்டிலும் அது முழங்கிற்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடி உண்டு. அந்த அடியைக் கேட்டே லயத்தில் இருப்போர் செய்தி இன்னதென்று உணர்வர். இதனைக் கண்டுகொண்ட தோட்ட நிர்வாகம் விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைக்கவும் அதே தப்பை அடிக்க வைத்தது. பெரட்டுத் தப்பு என்று அது பெயர் பெற்றது. சாமி அழைத்த தோற்கருவி துரையின் கட்டளையை அறிவிக்கலாயிற்று. மக்களின் காது எதற்குப் பழகியிருக்கிறதோ அதனைக் கொண்டே அவர்களை ஏவலாம் என்பதை அந்நிர்வாகம் எந்த நூலிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

இங்கே இவ்வாறிருக்க, பறித்துக் காயவைத்த தேயிலையைக் கடல் கடந்த நாடுகளில் விற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின் தேயிலை இம்மலைகள் முழுவதும் பரவியது. அப்போது இலங்கைத் தேயிலையை வீட்டுக்கு வீடு கொண்டு சென்றவருள் தலையாயவர் தாமஸ் லிப்டன். ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னையில் அவர் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் மலைமுகட்டுக்கு இன்றும் சுற்றுலாப் பயணிகள் ஏறிச் செல்கின்றனர்.

லிப்டன் கிளாஸ்கோ நகரத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. இளமையில் சில ஆண்டுகள் அமெரிக்காவில் உழைத்து, அந்நாட்டுக் கடைக்காரர் ஆரவாரம் செய்து சரக்கு விற்கும் முறையைக் கண்டு வந்தவர். 1871-இல் அவர் கிளாஸ்கோவில் தம் முதல் மளிகைக் கடையைத் திறந்தார். கடை வாசலில் உருவத்தைத் திரித்துக் காட்டும் கண்ணாடிகளை வைத்தார். ஒன்றில் பார்ப்பவன் எலும்புந்தோலுமாகத் தெரிவான். அது கடைக்குள் போகும் கோலம். மற்றொன்றில் தொந்தியும் தொப்பையுமாகத் தெரிவான். அது கடையிலிருந்து திரும்பும் கோலம். கொழுத்த பன்றிகளை அலங்கரித்து வீதியில் ஊர்வலம் விட்டார். 1881-ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகையின்போது அமெரிக்காவிலிருந்து இராட்சதப் பாலாடைக்கட்டி ஒன்றைத் தருவித்து, அதனுள் தங்க நாணயங்களை மறைத்து வைத்து வெட்டி விற்றார். அதற்கு ‘ஜம்போ’ என்று பெயர். அக்காலத்தில் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் மக்கள் மனத்தைக் கொள்ளைகொண்டிருந்த யானையின் பெயர் அது! தேயிலை வணிகத்தில் அவர் இறங்கியபோது பெட்டிகள் ஏற்றிய வண்டிகளுக்கு முன்னே வாத்தியக் கோஷ்டிகள் நடந்தன. சுருங்கச் சொன்னால், சந்தையில் கழைக்கூத்தாடி கூட்டம் சேர்க்கும் வித்தை அத்தனையையும் அவர் கடைக்குள் கொண்டுவந்தார்.

வெறும் ஆரவாரம் மட்டும் அவருக்கு வெற்றி தந்துவிடவில்லை. 1890-இல் இலங்கை வந்து தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகரை விலக்கி, அன்று சாதாரண மனிதன் எட்டிப் பிடிக்கவியலாத விலையில் இருந்த தேயிலையை றாத்தல் ஒன்று ஒரு ஷில்லிங் ஏழு பென்ஸ் என்று விற்றார். நிறையும் தரமும் மாறாத பொதிகளில் அடைத்தார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் குவளைக்கு என்பது அவரது வாசகம். ஆங்கிலத் தொழிலாளியின் அடுப்பங்கரைக்குத் தேநீர் மலிவாகப் போய்ச் சேர்ந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தோட்டத்திலிருந்து குவளைக்கு என்ற அந்த நேர்கோட்டில் தோட்டத்தில் நிற்பவள் யார்? அவள் படம் பொதியின் மேல் இருந்தது. தலையில் கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவம் விளம்பரங்களில் உலகெங்கும் உலாவிற்று. அவள் பெயர் எங்கும் இல்லை. அவள் கூலி எவ்வளவு என்பதும் இல்லை.

தனியொரு வணிகர் செய்ததைத் தோட்டத்துரைமார் சேர்ந்தும் செய்தனர். 1893-இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அதில் இலங்கைக்கென்று சிற்ப வேலைப்பாடு மிக்க மண்டபம் எழுப்பப்பட்டது, தேநீர்ச்சாலைகள் அமைக்கப்பட்டன. கண்காட்சி என்பது திருவிழாதானே? அங்கே பத்து இலட்சம் தேயிலைப் பொதிகள் விற்பனையாயின என்று தேயிலை வரலாற்றாசிரியர்கள் பெருமையுடன் எழுதுவர். பின்னர் இந்தியாவிலும் இதே வழி பின்பற்றப்பட்டது. 1903-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேயிலை ஏற்றுமதியில் வரி தண்டி, அப்பணத்தைப் பிரசாரத்துக்குச் செலவிட்டனர். 1930-களில் தமிழ்நாட்டுச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் புகையிரத நிலையங்களிலும் தேநீரை இலவசமாக ஊற்றிக் கொடுத்துப் பழக்கினார்கள். எந்த ஊர்களிலிருந்து கொழுந்து பறிக்க ஆள் பிடித்தார்களோ, அந்த ஊர்களுக்கே தேநீர் குடிக்க ஆள் பிடிக்கப் போனார்கள்! முன்னது கங்காணியின் கோலத்தில். பின்னது திருவிழாக் கோலத்தில்.

1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் தேயிலையின் விலையைச் சரித்தது. அந்நெருக்கடியில் எழுந்த இரண்டு முயற்சிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் நாம் தேடும் விடை கிடைக்கும். ஒன்று முதலாளிமார் எடுத்தது. மற்றொன்று தொழிலாளர் எடுத்தது.

முதலாவது, 1932-இல் நிறுவப்பட்ட இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. உலக நாடுகளில் இலங்கைத் தேயிலையின் புகழைப் பரப்புவது அதன் பணி. சுவரொட்டியும் பத்திரிகை விளம்பரமும் மட்டும் போதா என்று கண்ட அச்சபை, அக்காலத்தின் புதிய கலையாகிய சினிமாவை நாடிற்று. அதன் பொருளுதவியால் பேசில் ரைட் என்ற ஆங்கில இளைஞர் 1934-இல் உருவாக்கிய படமே ‘சோங் ஒஃப் சிலோன்’. புத்த வழிபாடு, கண்டிய நடனம், கிராமத்து வாழ்வு, வணிகத்தின் குரல்கள் ஆகியவற்றைக் காட்சியும் ஒலியுமாக அப்படம் பின்னிக் காட்டியது. 1681-இல் வெளிவந்த ரொபர்ட் நொக்ஸின் நூற்பகுதிகளை லயனல் வென்ட் தம் குரலில் வாசித்தார். 1935-இல் பிரஸ்ஸல்ஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்ற அப்படம் இன்றும் விவரணப் படங்களுள் சிறந்த ஒன்றாக மதிக்கப்படுகிறது.

தேயிலை விற்க எடுத்த படத்தில் தேயிலையை வாங்குங்கள் என்ற கூக்குரல் இல்லை என்பது வணிகர் கவனிக்க வேண்டிய நுட்பம். கலையைக் கலையாக இருக்க விட்டதனால் அது நிலைத்தது. ஆயினும் அதன் நடுவிடம் பழங்காலக் கிராமத்துக்கும் கோயிலுக்கும் நடனத்துக்குமே உரியதாயிற்று. தேயிலையை உண்டாக்கிய மக்களின் லயமும் கூலியும் கடனும் அப்படத்தின் பொருளாகவில்லை. தேயிலைப் பணத்தில் எழுந்த அந்த அழகிய பாட்டில் தேயிலைத் தொழிலாளியின் வாழ்க்கைக்கு ஓர் அடி கிடைக்கவில்லை.

அந்த வாழ்க்கை எத்தகையது? 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1929-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச நாட்கூலி, மலையுச்சித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். மந்தம் வந்ததும் அந்தச் சதங்களிலும் கை வைத்தார்கள். விலை விழுந்தால் விளம்பரத்துக்குப் பணம் உண்டு; கூலிக்கு இல்லை என்பதே அன்றைய நியாயம்.

இரண்டாவது முயற்சி இங்கேதான் பிறக்கிறது. 1931-ஆம் ஆண்டு சனவரியில் ஹற்றன் நகரில் கோ. நடேசய்யர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தஞ்சைச் சீமையிலிருந்து வந்த பத்திரிகையாளர் அவர். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ முதலிய ஏடுகளை நடத்தியவர். பிற்காலத்தில், 1936 முதல் 1947 வரை, ஹற்றன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையில் வீற்றிருந்தவர். தோட்டங்களுக்குள் வெளியார் நுழையத் தடை இருந்த அக்காலத்தில் புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் சென்று தொழிலாளரின் நிலையை அறிந்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. வியாபாரி கூத்தாடியின் வேடத்தைப் பூண்டதை மேலே கண்டோம். இங்கே தொழிலாளரின் தோழன் வியாபாரியின் வேடத்தைப் பூண்டான்!

நடேசய்யருக்கு உண்டான இடர்ப்பாடு எந்த விளம்பரக்காரருக்கும் உண்டான இடர்ப்பாட்டினும் பெரிது. அவர் ‘விற்க’ வந்த சரக்கு சங்கம் என்னும் ஒரு கருத்து. கண்ணால் காணவோ கையால் தொடவோ இயலாதது. வாங்கினால் வேலை போகும்; லயத்தை விட்டு வெளியேற்றுவார்கள். அவர் அச்சிட்ட பத்திரிகையைப் படிக்க எழுத்தறிவு வேண்டும். பெரும்பாலோருக்கு அது கிட்டவில்லை. இந்நிலையில் அவரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையும் தெரிந்தெடுத்த கருவி பாட்டு.

மக்கள் ஏற்கெனவே அறிந்து முணுமுணுத்த மெட்டுகளில், தொழிலாளரின் துயரத்தையும் உரிமையையும் சொற்களாக வைத்து மீனாட்சி அம்மை பாடல் புனைந்தார். கூட்ட மேடையில் தாமே பாடினார். பெண் பொதுமேடை ஏறுவதே அரிதாயிருந்த காலத்தில், கொழுந்து பறிக்கும் பெண்கள் தம்மைப் போன்ற ஒரு குரல் தம் கதையைப் பாடுவதைக் கேட்டனர். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற தலைப்பில் அவர் பாடல்கள் 1940-இல் நூலுருப் பெற்றன. மேடையில் கேட்ட மெட்டு மலைக்குப் போயிற்று. நிரையில் ஒருத்தி தொடங்க மற்றவள் முடித்தாள். கூட்டத்துக்கு வராதவரையும் பாட்டு எட்டிற்று. மக்களின் இசையறிவைக் கருவியாகக் கொள்வதில் லிப்டனுக்கும் பிரசார சபைக்கும் மீனாட்சி அம்மை எவ்வகையிலும் இளைத்தவர் அல்லர்.

அப்படியானால் வேறுபாடு யாது? லிப்டனின் ஊர்வலத்தில் கூடிய மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். பிரசார சபையின் படத்தில் தோன்றிய மக்கள் வேடிக்கைப் பொருளானார்கள். மீனாட்சி அம்மையின் பாட்டில் மக்கள் தம்மைத் தாமே கண்டார்கள். பாடுபொருளும் பாடுவோரும் கேட்போரும் ஒருவரேயாயினர். மக்கள் கலை கற்றுத்தரும் பாடத்தின் பிற்பாதி இதுவே.

இதனை விளங்கிக்கொள்ள நம் காமன் கூத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. மாசித் திங்களில் கம்பம் ஊன்றிய நாள் தொடங்கிக் காமன் எரியும் இரவு வரை தோட்டம் முழுவதும் கூத்தரங்கமாகிறது. ரதியாக நிற்பவனும் மன்மதனாக நிற்பவனும் அடுத்த லயத்துப் பிள்ளைகள். காமன் எரிந்தபோது அழுவோர் அவனைத் தம் வீட்டு மகனாகக் கருதியே அழுகின்றனர். பார்வையாளர் என்று தனியாக ஒருவரும் அங்கில்லை. விரதம் இருந்தவர், அரிசி கொடுத்தவர், தப்படித்தவர், தீ மூட்டியவர் யாவரும் கூத்தின் சொந்தக்காரர். இச்சொந்தம் இல்லாத இடத்தில் கூட்டம் கூடலாம், கூத்து நிகழாது.

நடேசய்யர் 1947-இல் மறைந்தார். அவருக்குப் பின் காலம் மாறிற்று, கலையும் மாறிற்று. வானொலி வந்தது. 1949-இல் ரேடியோ சிலோன் என்று பெயர் பெற்ற கொழும்பு நிலையம் 1950 செப்டெம்பரில் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. இரண்டாண்டுகளின் பின், 1952-இல், இந்திய ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டுகள் தரங்குறைந்தவை என்று கருதி அகில இந்திய வானொலியிலிருந்து அவற்றை ஒதுக்கினார். மக்கள் என்ன செய்தனர்? வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினர். 1952 டிசம்பரில் அமீன் சயானியின் குரலில் தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’ என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சி ஒரு பற்பசையின் பெயரை இந்தியா முழுவதும் ஒலிக்கச் செய்தது. தமிழில் மயில்வாகனனின் குரல் பாக்கு நீரிணையின் இரு கரைகளையும் இணைத்தது. 1957-இல் ‘விவித் பாரதி’யைத் தொடங்கி இந்திய வானொலி மக்களின் விருப்பத்துக்கு இறங்கி வந்தது. மக்களின் இரசனையை அதிகாரத்தால் திருத்த முனைவோருக்கு அந்த ஐந்தாண்டு ஒரு பாடம்.

நம் மலைகளிலும் தேநீர்க் கடை வானொலியைச் சூழ்ந்து மக்கள் நின்றனர். பாட்டுக்கு நடுவே சவர்க்காரமும் பற்பசையும் அவர்களை அன்போடு அழைத்தன. ஆனால் அந்த ஆண்டுகள் எத்தகையவை? 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியிருந்தது. 1949-ஆம் ஆண்டுத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்திருந்தது. 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களில் மிகப் பெரும்பாலோர் 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்கற்று நின்றனர். எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் நிறைவேறிற்று. அரசாங்கப் பதிவேட்டில் இடமில்லாத மனிதனை விளம்பரம் ‘நேயர்’ என்று அழைத்தது! சந்தை அவனது பையில் உள்ள சதத்தைக் கண்டது. அந்தச் சதம் ஏன் இவ்வளவு சிறிது என்று கேட்பது தன் வேலையன்று என்று அது இருந்துவிட்டது.

இன்று இலங்கைத் தேயிலையின் பொதிகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் புன்னகை பூத்த கொழுந்துப் பெண்ணின் படம் தொடர்கிறது. 2017-இல் இலங்கைத் தேயிலையின் 150-ஆம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டது. அந்தப் பெண்ணின் நாட்கூலியை 1,000 ரூபாவாக உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கையோ ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்று, 2021-இல்தான் வர்த்தமானியில் ஏறிற்று. படத்துக்கும் படத்தில் உள்ளவளுக்கும் இடையே உள்ள தூரம் இதுதான்.

ஆகவே, மக்கள் கலையிடமிருந்து வணிகர் கற்கக்கூடியது யாது என்று கேட்கும் மாணவர்களுக்கு இவ்வரலாற்றைக் கொண்டே விடை சொல்லலாம். கூட்டம் சேர்க்கும் வித்தையை லிப்டனிடம் கற்கலாம். கலையைக் கூவல் ஆக்காத நுட்பத்தைப் பேசில் ரைட்டிடம் கற்கலாம். மக்களின் இரசனையை இகழாதிருக்கும் பண்பை வானொலியிடம் கற்கலாம். இவை மூன்றும் தேவையானவையே. ஆனால் ஒரு பொருளின் கதையைச் சொல்லும்போது அதனை உண்டாக்கியவர்க்கு அக்கதையில் பெயரும் குரலும் பங்கும் உண்டா என்று கேட்கும் துணிவை மீனாட்சி அம்மையிடமே கற்க வேண்டும்.

2023-ஆம் ஆண்டு, மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறாம் ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. மூதாதையர் நடந்து வந்து மடிந்த அதே திசையில் பேரர்கள் நடந்தனர். எதையும் விற்பதற்காக அவர்கள் நடக்கவில்லை. நிலமும் வீடும் நியாயமான கூலியும் சமமான குடியுரிமையும் வேண்டும் என்று தம் கதையைத் தாமே சொல்லிக்கொண்டு நடந்தனர். தேயிலைப் பொதியின் மேல் அச்சிட இனியொரு படம் தேடுவோர் முதலில் அந்தக் கதையைக் கேட்கட்டும். வணிகக் கல்வி பயிலும் நம் பிள்ளைகளோ, அந்தக் கதையை அறிந்தவர்களாகவே நாளை கொழும்பின் விளம்பர நிலையங்களுக்குள் அடியெடுத்து வைக்கட்டும்.